விரலில் ஒட்டும் தாது

சாமை விளையும் புதூர்நாட்டு மலையினின்று திருப்பத்தூருக்கு இறங்கித் தெற்கே ஊத்தங்கரை, அரூர்ப் பிரதேசத்துக்குச் சென்றால், அங்கே வெங்கச்சாங்கல் ரேகைகளினூடே ஈய நிறத்தில் மினுக்கும் மாலிப்டினைட் என்னும் தாது உண்டென்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் கண்டறிந்துள்ளனர். நகத்தால் கீறினால் வழுக்கி விரலில் கரியாக ஒட்டிக்கொள்ளும் இவ்வஸ்துவே, அணுப்பிரமாணமான கனத்தில் மின்சாரம் எங்ஙனம் சஞ்சரிக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு உலகெங்கும் பிரதான ஆதாரமாகியிருக்கிறது. மலையடிவாரக் கல்லூரிகளின் மாணவர்கள் இதனைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டுமென்பது என் பேராவல்.

இத்தாதுவில் மாலிப்டினம் அணுக்கள் நடுத்தளமாகவும், கந்தக அணுக்கள் மேலும் கீழுமாகவும் இறுகப் பிணைந்து ஓர் ஏடாகின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே பந்தம் பலவீனமானதால், ஒட்டுநாடாவை ஒட்டிப் பிரித்தே தனி ஏட்டை எடுத்துவிடலாம். அதன் கனம் சுமார் 0.65 நானோமீட்டர். 2011-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஆந்த்ராஸ் கிஸ் குழுவினர் அத்தகைய ஒற்றை ஏட்டில் டிரான்சிஸ்டர் அமைத்து, மின்னோட்டம் திறந்த நிலைக்கும் அடைத்த நிலைக்கும் இடையே 10 கோடி மடங்கு வித்தியாசத்தைக் காட்டினர். கரி அணுக்களாலான ஒற்றை ஏடாகிய கிராஃபீனில் இவ்வாறு ஓட்டத்தை அடைக்க இயலாது. எலெக்ட்ரான்கள் இருக்கவியலாத சக்தி இடைவெளி அதற்கில்லை.

அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர் இத்தாதுவின் ஏடுகளில் நடத்திய பரிசோதனையே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. உலோகத்தைக் குளிரவைத்தால் மின்னோட்டம் எளிதாகும். அவர்கள் குளிரவைத்த ஏடுகளிலோ, அது வரவரத் தடைப்பட்டது. ஏட்டைத் தாங்கிய சிலிக்கன் ஆக்சைடில் சிக்குண்டிருந்த மின்னூட்டங்கள் மேலே மேடுபள்ளங்களை உண்டாக்கி, எலெக்ட்ரான்களை ஆங்காங்கே சிறைப்படுத்தியதே காரணமென அவர்கள் நிர்ணயித்தனர். சிறைப்பட்ட எலெக்ட்ரான் பாய்ந்து செல்ல வேண்டும். காட்டோடையைக் கடப்பவன் பக்கத்திலுள்ள உயரமான பாறையை விட்டுச் சற்றுத் தொலைவிலிருப்பினும் சமமட்டத்துப் பாறையையே நாடுவது போல, கடுங்குளிரில் சக்தி குன்றிய எலெக்ட்ரான் அண்மையிலுள்ள இடத்தைப் புறக்கணித்து, தன் சக்திநிலைக்கு ஒத்த தூரத்து இடத்தையே தேர்கிறது. இயற்பியலறிஞர் நெவில் மாட் வகுத்த தத்துவம் இது.

கனமான படிகத்தில் உள்ளே ஓடும் எலெக்ட்ரானுக்குப் புறப்பரப்பு தூரத்து விஷயம். மூன்றே அணுத்தளம் கொண்ட ஏட்டிலோ உட்புறம் என்பதே கிடையாது. கந்தகம் உதிர்ந்த ஒவ்வொரு வெற்றிடமும், உலோக முனை தொடும் இடத்தின் தடையும், அடியிலுள்ள பரப்பின் அசுத்தமும் நேரே எலெக்ட்ரானின் பாதையில் குறுக்கிடுகின்றன. ஆதலால்தான் பின்வந்த ஆய்வாளர் சிலிக்கன் ஆக்சைடை நேரே தொடவிடாது, அணுமட்டத்தில் சமமான போரான் நைட்ரைடு ஏடுகளுக்கு நடுவே இவ்வேட்டைப் பொதிந்து வைக்கின்றனர். குளிரிலும் அங்கே எலெக்ட்ரான் முன்னைவிட எளிதாக ஓடுகிறது.