கோடு சிறியது, காவல் பெரியது

நாங்கள் சைனிக்புரியில் வசிக்கிறோம். இது செகந்திராபாத்தை ஒட்டிய பகுதி. முன்னாள் படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தையல் வேலை செய்கிறார். மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்தார். கூடத்துக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் போட்டார்.

"இடைவெளி விட்டால் அழுக்குச் சேரும். ஒட்டி ஒட்டிப் போடுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரியும் அப்படியே போட்டார்.

மே மாதம் வந்தது. கடுமையான வெயில். ஒரு நாள் மதியம் 'படார்' என்று சத்தம் கேட்டது. அக்கா ஓடி வந்து பார்த்தார். கூடத்தின் நடுவில் நான்கு டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நின்றன!

ஏன் எழும்பின?

வெப்பத்தில் பொருள்கள் சற்று விரியும். குளிரில் சுருங்கும். பெரிய பாலங்களில் இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான். டைல்ஸும் விரியும். விரிய இடம் இல்லை என்றால் ஒன்றை ஒன்று தள்ளும். கடைசியில் மேலே எழும்பும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

வீட்டுக்குள் 2 முதல் 3 மி.மீ. விடலாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 3 மி.மீ. இருக்கும். வெயில் படும் மொட்டை மாடியில் இன்னும் அதிகம் வேண்டும். சுவர் ஓரத்திலும் சிறிது இடம் விட வேண்டும்.

இடைவெளி ஒரே அளவாக இருக்கப் பிளஸ் வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் கடையில் கிடைக்கின்றன.

எதை வைத்து நிரப்புவது?

முன்பு வெள்ளை சிமெண்டை மட்டும் குழைத்து அடைத்தார்கள். அது சுருங்கி விரிசல் விடும். இதற்கென்றே விற்கும் கிரவுட் பவுடர் நல்லது. அகலமான இடைவெளிக்கு மணல் கலந்த வகையை வாங்குங்கள். எபாக்சி என்று ஒரு வகை உண்டு. விலை அதிகம். ஆனால் எளிதில் கறை பிடிக்காது. சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் ஏற்றது.

தரைக்குச் சாம்பல் நிறம் நல்லது. வெள்ளைக் கோடு சீக்கிரம் அழுக்காகத் தெரியும்.

டைல்ஸ் போட்ட அன்றே அடைக்கக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். இடைவெளியில் உள்ள தூசியை எடுத்த பிறகு, ஆழம் வரை அழுத்தி நிரப்ப வேண்டும். வேலை செய்பவர் கையுறை போடட்டும். சிமெண்ட் கையைப் புண்ணாக்கும்.

ஆசிட் வேண்டாம்

கூடத்தைச் சரி செய்த அக்கா, குளியலறையில் இன்னொரு தவறு செய்தார். கறையைப் போக்க ஆசிட் ஊற்றினார். தரை பளிச்சென்று ஆனது. நாலைந்து முறை ஊற்றியதும் கோடுகள் குழி விழுந்தன. ஆசிட் சிமெண்டை அரிக்கும். குழி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். சுவர் ஓதம் காக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் காற்று வரும். மூச்சு அடைக்கும். உயிருக்கே ஆபத்து.

எப்படிப் பராமரிப்பது?

சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கறை போகாவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம். குளித்த பின் தண்ணீரை வழித்துத் தள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் காய்ந்தால் கரும்பூஞ்சை குறையும்.

மாதம் ஒரு முறை கோடுகளைப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டுங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் பிடிப்பு இல்லை. மேஸ்திரியை அழையுங்கள்.

படித்துப் பார்ப்போம்

கிரவுட் பையை அக்கா இப்போது தாமே கையில் எடுத்துப் பார்க்கிறார். அதில் தமிழ் இல்லை. ஆனாலும் 3 என்றும் 24 என்றும் இருப்பதை விரல் வைத்துக் காட்டுகிறார். "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கடைக்காரரிடம் கேட்கிறார்.

நீங்களும் கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். நம் உழைப்பில் வந்த பணம் அந்தச் சிறிய கோட்டின் காவலில்தான் இருக்கிறது.