ஏழு பெண்கள் காப்பாற்றிய ஊர்

ஒரு சந்தையை இடித்தார்கள். ஊர் விழித்துக் கொண்டது. பழைய வீடுகள் பிழைத்தன. ஆனால் அந்த வீடுகளில் குடியிருந்த ஏழைகள் எங்கே போனார்கள்?

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே சவன்னா என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் அதே பெயரில் ஓர் ஊர். கடலுக்கு அருகில் உள்ள துறைமுகப் பட்டணம்.

1733-ம் ஆண்டு ஜேம்ஸ் ஓகில்தார்ப் என்ற ஆங்கிலேயர் இந்த ஊரை நிறுவினார். அவர் மனம் போனபடி தெருக்களை அமைக்கவில்லை. முதலில் படம் வரைந்தார். பிறகு ஊரைக் கட்டினார்.

கோவிலை நடுவில் வைத்துச் சுற்றிலும் மாட வீதிகள் அமைப்பது நம் ஊர் வழக்கம். ஓகில்தார்ப் கோவிலுக்குப் பதிலாக ஒரு சதுரத் திடலை நடுவில் வைத்தார். திடலுக்கு இரு புறமும் பொதுக் கட்டிடங்களுக்கு இடம் ஒதுக்கினார். மற்ற இரு புறமும் வீடுகள். ஒரு திடலுக்கு 40 வீட்டு மனைகள். இப்படி ஒரு பகுதி நிறைந்ததும், பக்கத்திலேயே இன்னொரு திடலும் இன்னொரு பகுதியும் வந்தன. காலப்போக்கில் திடல்களின் எண்ணிக்கை 24 ஆயிற்று. அவற்றில் பெரிய பெரிய மரங்கள் வளர்ந்து நிழல் தந்தன.

பருத்தி வியாபாரத்தால் ஊர் செழித்தது. அந்தச் செல்வத்துக்குப் பின்னே கண்ணீர்க் கதையும் உண்டு. பருத்திக் காட்டில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். சவன்னாவின் பழைய வீடுகள் பலவற்றின் சாம்பல் நிறச் செங்கல்லை அறுத்துச் சுட்டவர்களும் அவர்களே.

போரில் தப்பியது

1864-ம் ஆண்டு உள்நாட்டுப் போர் நடந்தது. வடக்குப் படையின் தளபதி ஷெர்மன், வழியெல்லாம் நெருப்பு வைத்துக் கொண்டு வந்தார். டிசம்பர் மாதம் சவன்னாவைப் பிடித்தார். ஆனால் ஊரைக் கொளுத்தவில்லை. "கிறிஸ்துமஸ் பரிசாக சவன்னாவைத் தருகிறேன்" என்ற கருத்தில் ஜனாதிபதி லிங்கனுக்குத் தந்தி கொடுத்தார்.

போரில் தப்பிய ஊருக்கு, அமைதிக் காலத்தில்தான் ஆபத்து வந்தது!

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பருத்திக் காயைத் துளைக்கும் ஒரு வகை வண்டு ஜார்ஜியா எங்கும் பரவியது. விளைச்சல் விழுந்தது. வியாபாரமும் படுத்தது. மோட்டார் கார் வந்ததும் வசதி உள்ளவர்கள் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக் கொண்டு போனார்கள். பெரிய மாளிகைகள் ஒண்டுக் குடித்தனங்கள் ஆயின. ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள். வாடகை வாங்குகிறவர் வேறு எங்கோ இருந்தார். கூரை ஒழுகினாலும், சுவர் விரிந்தாலும், கேட்பார் இல்லை.

சந்தை இடிந்தது

ஊரின் நடுவே எல்லிஸ் திடல் என்று ஒன்று இருந்தது. அங்கேதான் ஊர்ச் சந்தை. பல தலைமுறைகளாக மக்கள் அங்கே காய்கறி வாங்கினார்கள். மீன் வாங்கினார்கள். ஊர்க் கதையும் பேசினார்கள். செங்கல்லால் கட்டிய பெரிய சந்தைக் கட்டிடம் அந்தத் திடலில் நின்றது.

கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் இல்லை என்ற பேச்சு எழுந்தது. நகரசபை எல்லிஸ் திடலை 50 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1954-ல் சந்தையை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் கார்களை நிறுத்தும் கட்டிடம் எழும்பியது.

ஊராருக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று சந்தை. நாளை எது?

நாளைய பலி எது என்பதும் சீக்கிரமே தெரிந்து விட்டது. கொலம்பியா திடல் ஓரத்தில் டேவன்போர்ட் வீடு என்று ஒன்று உண்டு. ஐசயா டேவன்போர்ட் என்ற கட்டிட மேஸ்திரி தமக்கென்று கட்டிய வீடு அது. 1820-ல் கட்டி முடித்தார். அழகான வீடு. ஆனால் 1955-ல் அது ஒண்டுக் குடித்தனங்களாகச் சீரழிந்து கிடந்தது. அதை இடித்துவிட்டு அங்கேயும் கார் நிறுத்த இடம் செய்யத் திட்டம் போட்டார்கள்.

ஏழு பேர்

அப்போது ஏழு பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்னா ஹன்ட்டர். ஓவியம் வரைபவர். பத்திரிகையிலும் எழுதியவர். மற்ற ஆறு பேரும் அவரைப் போலவே அந்த ஊரில் வாழ்ந்த பெண்கள். யாரிடமும் அதிகாரம் இல்லை.

அவர்கள் ஆதரவு திரட்டினார்கள். பணம் சேர்த்தார்கள். 22,500 டாலர் கொடுத்து டேவன்போர்ட் வீட்டை வாங்கியே விட்டார்கள்! "ஹிஸ்டாரிக் சவன்னா பவுண்டேஷன்" என்ற சங்கமும் பிறந்தது. வீட்டைப் பழுது பார்த்து, 1963-ல் மியூசியமாகத் திறந்தார்கள்.

ஒரு வீடு பிழைத்தது. ஆனால் ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள் இருந்தன. எல்லாவற்றையும் மியூசியம் ஆக்க முடியுமா? அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

இறைக்கிற கிணறு

அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1959-ம் ஆண்டு வாக்கில், ஓகில்தார்ப் அவென்யூவில் மார்ஷல் வரிசை என்ற நான்கு வீடுகளை இடிக்க ஏற்பாடு நடந்தது. அவற்றைக் கட்டியிருந்தது சாம்பல் நிறச் சவன்னா செங்கல். ஊருக்கு வெளியே புது வீடு கட்டுகிறவர்களிடம் அந்தச் செங்கல்லுக்கு நல்ல கிராக்கி. வீட்டைவிட அதன் செங்கல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற காலம் அது!

வீடுகளின் பின்புறம் இருந்த வண்டிக் கொட்டகைகளை ஏற்கெனவே இடித்து விட்டார்கள். அந்த நேரத்தில் லீ அட்லர் என்பவர் குறுக்கே வந்தார். அவர் பங்கு வியாபாரத் தரகர். ஏழு பெண்களில் ஒருவரான எலினோர் தில்லார்டின் மகன். அவர் முயற்சியால் நான்கு வீடுகளும் தப்பின.

அட்லரும் சங்கத்தாரும் ஒரு முறையைக் கையாண்டார்கள். அதன் பெயர் சுழல் நிதி.

அது என்ன? இடிபட இருக்கும் வீட்டைச் சங்கம் வாங்கும். வாங்கியதைத் தானே பழுது பார்த்துக் கொண்டிராது. பழுது பார்க்க வசதி உள்ளவருக்கு அதை விற்று விடும். விற்கும் போது பத்திரத்தில் நிபந்தனை எழுதும். வீட்டை இடிக்கக் கூடாது. முகப்பை மாற்றக் கூடாது. குறித்த காலத்துக்குள் பழுது பார்க்க வேண்டும். வந்த பணத்தைக் கொண்டு சங்கம் அடுத்த வீட்டை வாங்கும்.

"இறைத்த கிணறு ஊறும்" என்பார்கள். அதுபோல, போட்ட பணமே திரும்பத் திரும்ப வேலை செய்தது. இந்த வகையில் 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்களைச் சங்கம் காப்பாற்றியது. 1966-ல் பழைய சவன்னா முழுவதையும் தேசியச் சின்னமாக அமெரிக்க சர்க்கார் அறிவித்தது.

நாணயத்தின் மறுபக்கம்

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாம் சுபம்தான். ஆனால் முடியவில்லை.

பழைய வீடு புதுப்பொலிவு பெற்றால் அதன் விலை ஏறும். பக்கத்து வீட்டின் விலையும் ஏறும். விலை ஏறினால் வீட்டு வரி ஏறும். வரி ஏறினால் வாடகை ஏறும். நல்ல விலை வந்தால் வீட்டுக்காரர் விற்று விடுவார். வாங்கியவர் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வார். யார் மீதும் யாருக்கும் பகை இல்லை. ஆனாலும் ஏழை தெருவுக்கு வந்து விடுகிறார்.

சவன்னாவிலும் அதுதான் நடந்தது. ஒழுகும் கூரையின் கீழ் பல ஆண்டுகள் காலம் தள்ளிய குடும்பங்கள், கூரையைச் சரி செய்ததும் அங்கே இருக்க முடியாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

அதே காலத்தில் ஊரின் மேற்குப் பக்கத்தில் வேறு ஒரு காட்சி. அங்கே கறுப்பின மக்களின் கடைகளும் வீடுகளும் நிறைந்திருந்தன. அந்தப் பக்கமாகப் பெரிய நெடுஞ்சாலை வந்தது. அதற்காக 1963-ல் யூனியன் ரயில் நிலையத்தை இடித்தார்கள். சுற்றிலும் இருந்த வீடுகளும் போயின. மாளிகைகளுக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. எளியவர்களின் தெருவுக்கு அந்த அளவுக்குக் குரல் எழவில்லை.

தபால்காரரின் பணி

எழுந்த குரல்களில் பெரியது டபிள்யூ. டபிள்யூ. லா என்பவருடையது. தொழில் தபால்காரர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்குச் சவன்னாவில் 1950 முதல் 1976 வரை தலைவராக இருந்தவர். உரிமைப் போராட்டத்துக்குப் பின் அவர் பழைய கட்டிடங்கள் பக்கம் திரும்பினார்.

கறுப்பின மக்களுக்கும் வரலாறு உண்டு. அதற்கும் சின்னம் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1896-ல் கட்டிய ஒரு சிறு மரவீட்டை இடிக்க இருந்தார்கள். அதில் கறுப்பினத் தம்பதி ஒருவர் வாழ்ந்திருந்தனர். அந்த வீட்டையே பெயர்த்து வேறு தெருவுக்குக் கொண்டு வந்து, 1981-ல் மியூசியம் ஆக்கினார். கிங்-டிஸ்டெல் குடில் என்று அதற்குப் பெயர். விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக 1867-ல் தொடங்கிய பீச் இன்ஸ்டிட்யூட் பள்ளிக்கூடமும், அதைச் சுற்றிய தெருக்களும் நிலைக்க அவர் பாடுபட்டார். 2002-ல் அவர் காலமானார்.

இன்னொரு முயற்சி

மாளிகைகளைக் காப்பாற்றிய லீ அட்லருக்கும் இந்தக் குறை தெரிந்தது. பழைய ஊருக்குத் தெற்கே விக்டோரியன் வட்டாரம் என்று ஒரு பகுதி உண்டு. அலங்கார வேலைப்பாடு கொண்ட மர வீடுகள். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தார்கள். அடுத்து விலை ஏறப்போவது அந்தப் பகுதிதான் என்பது தெரிந்து விட்டது.

1974-ல் அட்லர் வேறு ஒரு சங்கம் தொடங்கினார். இந்தச் சங்கம் வீடுகளை வாங்கியது; பழுது பார்த்தது. ஆனால் பணக்காரருக்கு விற்கவில்லை. ஏழைகளுக்கே வாடகைக்கு விட்டது. வேலை இல்லாத உள்ளூர்வாசிகளுக்குத் தச்சு வேலையும் பூச்சு வேலையும் கற்றுக் கொடுத்து, அவர்களைக் கொண்டே வீடுகளைச் சரி செய்தது.

வாடகைக்குப் பணம்? அதே 1974-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை தர வேண்டியதில்லை என்று அப்போது விதி இருந்தது. மிச்சத்தைச் சர்க்கார் கொடுத்தது. அந்த உதவி இந்த வீடுகளுக்கும் கிடைத்தது.

நல்ல திட்டம்தான். ஆனால் அது சர்க்கார் பணத்தை நம்பி நின்றது. 1980-களில் புதிய வீடுகளுக்கான உதவியை அமெரிக்க சர்க்கார் வெகுவாகக் குறைத்து விட்டது. தேவையோ பெரிது. திட்டம் கைகொடுத்த குடும்பங்கள் உண்டு. கை எட்டாத குடும்பங்களும் உண்டு.

திரும்பி வந்த திடல்

பிறகு சவன்னாவின் புகழ் ஏறியது. 1978-ல் தொடங்கிய ஒரு கலைக் கல்லூரி, பாழடைந்த கட்டிடங்களை வாங்கி வகுப்பறைகள் ஆக்கியது. 1994-ல் சவன்னாவைப் பற்றி வந்த ஒரு புத்தகம் நாடெங்கும் விற்றது. அதன் பின் சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

இப்போது புதுத் தொல்லை. வீட்டைக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். வீடு இருக்கும், விளக்கு எரியும், அண்டை வீட்டார் என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் 2017-ல் நகரசபை கட்டுப்பாடு கொண்டு வந்தது. உரிமையாளர் குடியிராத வீடுகளை இப்படி விடுவதற்கு, பழைய ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் 20 சதவிகிதம் என்று எல்லை வகுத்தது.

எல்லிஸ் திடல் என்ன ஆயிற்று?

50 ஆண்டுக் குத்தகை 2004-ல் முடிந்தது. 2006-ல் அந்தக் கார்க் கட்டிடத்தை இடித்தார்கள். கார்களை நிலத்துக்கு அடியில் நிறுத்த வழி செய்தார்கள். மேலே மீண்டும் திடல் அமைத்து 2010-ல் திறந்தார்கள். நீரூற்றில் குழந்தைகள் நனைந்து விளையாடுகிறார்கள். 24 திடல்களில் இன்று 22 இருக்கின்றன.

திடல் திரும்பி வந்தது. சந்தைக் கட்டிடம் வரவில்லை. இடித்தது இடித்ததுதான்.

தெருவை விட்டுப் போன குடும்பங்களும் அப்படித்தான். சுவரில் விரிசல் கண்டால் சுண்ணாம்பு பூசலாம். பழைய செங்கல் கிடைக்காவிட்டால் அதே நிறத்தில் புதுச் செங்கல் சுடலாம். மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருந்து, ஒருவர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் வளர்த்து, நல்லது கெட்டதுக்கு ஓடி வந்த அண்டை அயலாரை எந்தச் சூளையில் சுட்டு எடுப்பது?

பழைய வீட்டைக் காக்கப் புறப்படுகிறவர்கள், முதலில் கதவைத் தட்டி உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டு விட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.