சுமை குறைந்த ஏரிப் பயணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் காட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. ஏரிகளுக்கு நடுவே நிலம் குறுக்கிடும் இடங்களில் கனூ படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து கடக்க வேண்டும். இந்தத் தூரம் வரைபடங்களில் ‘ராட்’ கணக்கில் இருக்கும். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். ஒரே நடையில் எல்லாவற்றையும் தூக்க முடியாதவர்கள் அதே பாதையை மூன்று முறை நடக்க நேரும். ஆகவே வழியைத் தேர்வதில்தான் பயணத்தின் சுகம் இருக்கிறது.

ஈலி நகருக்கு அருகிலுள்ள மூஸ் ஏரி முதல்முறை செல்பவர்களுக்கு மிகப் பொருத்தமானது. அங்கிருந்து நியூஃபவுண்ட், சக்கர் ஏரிகள் வரை படகைத் தூக்காமலே போகலாம். ஓரிடத்தில் கூடாரமடித்து, தினமும் வெறும் படகில் மீன்பிடிக்கச் செல்வது இன்னும் எளிது. நீர்ப்பூண்டு மண்டிய ஆழமற்ற வளைகுடாக்களில் நார்தர்ன் பைக் மீனும், பாறைக் கரைகளில் ஸ்மால்மவுத் பாஸ் மீனும் கிடைக்கும்.

நுழைவு அனுமதியும் மீன்பிடி உரிமமும் கட்டாயம். ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. தகர டப்பா, கண்ணாடிப் புட்டிகளில் உணவு கொண்டுபோகவும் தடை. கரடிகள் உலவுவதால் உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது மரத்தில் உயரக் கட்ட வேண்டும். பிற்பகலில் காற்று வலுத்தால் அலை எழும். அகன்ற நீர்ப்பரப்பைக் காலையிலேயே, உயிர்காப்புச் சட்டை அணிந்து கடப்பதே பாதுகாப்பு.