சம்பளம் ஏறியது, பி.எப். நின்றது! பாரிமுனை குமாஸ்தா திண்டாட்டம்

"நீங்க 15 ஆயிரத்தைத் தாண்டிட்டீங்க. இனிமே பி.எப். பிடித்தம் கிடையாது. கையிலே கூட வரும், சந்தோஷம்தானே?"

2021-ம் ஆண்டு பாரிமுனையில் உள்ள ஒரு கம்பெனியில் கணக்காளர் சொன்ன வார்த்தை இது. கேட்டவர் அங்கு வேலை பார்க்கும் குமாஸ்தா. கொருக்குப்பேட்டையில் வாடகை வீடு. மனைவி, 2 பெண்கள். மாதம் ரூ.1,800 மிச்சம் என்றதும் அவருக்குச் சந்தோஷம்தான். அந்தப் பணத்தில் ஒரு சீட்டுக்கூடச் சேர்ந்தார்.

மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பி.எப். பணத்தை எடுக்கலாம் என்று கணக்கைப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. 2017-ல் தொடங்கிய வரவு 2021-லேயே நின்று கிடந்தது.

சட்டம் என்ன?

ரூ.6,500 ஆக இருந்த சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1-ந்தேதி ரூ.15 ஆயிரம் ஆனது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து இதற்கு மேல் வாங்கிக்கொண்டு முதன்முதலாக வேலைக்கு வருகிறவரை திட்டத்தில் சேர்க்காமல் விடலாம். ஆனால், ஏற்கனவே உறுப்பினரானவர் கதை வேறு. சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அவர் உறுப்பினர்தான். உச்சவரம்பு அளவுக்காவது பிடித்தே தீர வேண்டும். முழுச் சம்பளத்துக்கும் பிடிக்க வேண்டுமானால் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும்.

நம் குமாஸ்தா ரூ.12,500 சம்பளத்தில் சேர்ந்தவர். அவருக்கு நிறுத்தியது தப்பு.

யாருக்கு லாபம்?

15 ஆயிரத்துக்கு 12 சதவீதம் ரூ.1,800. அதே அளவு முதலாளியும் போட வேண்டும். அதில் ரூ.1,250 பென்ஷனுக்கு, ரூ.550 பி.எப்.புக்கு. பிடித்தம் நின்றதில் கம்பெனிக்கு வருடம் ரூ.21,600 மிச்சம். குமாஸ்தாவுக்குக் 'கூட' வந்தது அவருடைய சொந்தப் பணம்தான்!

பெரிய அடி பென்ஷனில். 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். இவர் கணக்கில் இருப்பது 4 வருடம். வயதோ 53. இன்றே பிடித்தம் தொடங்கினாலும், விட்டுப்போன வருடங்களைக் கம்பெனி கட்டாவிட்டால் தேறாது.

அப்படிக் கட்டும்போது தொழிலாளி பங்கையும் கம்பெனிதான் போட வேண்டும். கைத்தவறுதலாக விட்டுப்போனால் தவிர, பழைய பாக்கியைச் சம்பளத்தில் பிடிக்க வழி இல்லை. வட்டி, தண்டத்தொகை தனி.

நியமனக் கடிதம், பழைய சம்பளச் சீட்டுகளோடு ராயப்பேட்டை பி.எப். அலுவலகத்தில் குமாஸ்தா மனு கொடுத்துவிட்டார். மறுநாளே கம்பெனியில் அவரைக் கூப்பிட்டு, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போகலாமா?" என்று கேட்டார்களாம்.

கணக்காளர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் அதே 2021-ல்தான் பி.எப். நின்றிருக்கிறது!