மண்ணுக்குள் ஒரு நண்பன்

சிறு துரும்பும் பல்லுக்குத்த உதவும் என்பர். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நூற்புழுவும் உழவனுக்கு உதவுகின்றது.

1916இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியிற் காணப்பட்ட யப்பானிய வண்டு பயிர்களைப் பாழாக்கிற்று. அதன் குடம்பிகள் மண்ணினுள் புல்வேர்களைத் தின்றன. 1929இல் அக்குடம்பிகளைக் கொல்லும் நூற்புழு அங்கேயே அறியப்பட்டது. கிளேசர் என்னும் அறிஞர் அதனைப் பெருக்கி வயல்களில் விடுத்தார்.

பூச்சியினுட் புகும் நூற்புழு, தன் குடலிற் சுமந்துவரும் பக்டீரியாவை வெளிவிடுகின்றது. இரண்டொரு நாளிற் பூச்சி மடிகின்றது. மனிதருக்கு இதனால் தீங்கில்லை.

எனினும் 1940களில் மலிவான இரசாயன நஞ்சுகள் வந்ததும் இந்நண்பனை மறந்தனர். நஞ்சின் கேடு புலப்பட்ட பின்னரே மீண்டும் நாடினர். இன்று நூற்புழுக்களை நீரிற் கலந்து, வெயில் தணிந்தபின் ஈரமண்ணில் தெளிக்கின்றனர். மலிவென்று நஞ்சை வாங்குமுன், மண் தரும் துணையையும் எண்ணிப் பார்ப்போமாக.