திங்கள், புதன், சனி

ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் பாடவேளை அட்டவணையில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள். அக்காள்மடத்துப் பிள்ளைகளுக்கு வாரம் அப்படிப் பிரிவதில்லை. அப்பா கடலுக்குப் போகிற நாள், அப்பா கரைக்கு வருகிற நாள் என்று இரண்டே வகைதான் அவர்களுக்கு. ராமேசுவரம் துறையிலிருந்து விசைப்படகுகள் தொழிலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மீன்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்புகிற படகு மறுநாள் காலை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் விசைப்படகின் இழுவலை நாட்டுப்படகுக்காரர் விரித்து வைத்த வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வந்த மோதல்களை நிறுத்தப் பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்ட ஏற்பாடு இது.

“செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில நான் பரீட்சை வைக்கிறதில்லை” என்றார் ராமேசுவரம் தீவில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர். “அன்னைக்குத்தான் அப்பா வந்திருப்பார். விடியறதுக்கு முன்னாடியே வீடு முழிச்சிரும். மீன் பிரிக்கணும், ஐஸ் போடணும், வியாபாரி வந்து நிப்பார். புள்ள தூங்கிக்கிட்டே வரும். அந்த நேரத்துல கேள்வித்தாளைக் குடுத்தா அது படிப்பைச் சோதிக்கிறதா ஆகாது, தூக்கத்தைச் சோதிக்கிறதாத்தான் ஆகும்.”

எந்த ஆசிரியர் பயிற்சிக் கையேட்டிலும் இது இருக்காது. வந்த முதல் வருஷம் தனக்கும் தெரியாது என்றார். வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்றும்போதெல்லாம் சில பெயர்கள் ஏன் சில கிழமைகளில் மட்டும் விட்டுப்போகின்றன என்று குழம்பியிருக்கிறார். ஒரு பையனின் பாட்டிதான் சொல்லிக் கொடுத்தாராம்: “டீச்சரம்மா, இங்க கேலண்டர் சுவத்துல இல்ல, கடல்ல இருக்கு.”

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் வரும் ஊர் அக்காள்மடம். சேதுபதி மன்னர் ஒருவரின் இரண்டு மகள்கள் நினைவாக அக்காளுக்கு ஒரு மடமும் தங்கச்சிக்கு ஒரு மடமும் எழுந்தன என்பது ஊரில் சொல்லிவரும் கதை. ராமேசுவரம் போகும் வண்டிகள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும் வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும், இரைந்து புரளும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்று தொடங்கினால் இது தலைகீழாகும். வடக்கு கொந்தளிக்கும், தெற்கு அடங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி. வடகிழக்குப் பருவக்காற்று என்று சமூக அறிவியல் புத்தகத்தில் வருவதும், வீட்டில் வாடை என்று சொல்வதும் ஒன்றுதான் என்பதை மட்டும் யாராவது ஒருநாள் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்கிற நொடியில் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஒரு வகுப்பு நடந்து முடிந்துவிடுகிறது. அதுதான் காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். இந்தக் கரையில் இதன் அருமை தெரிய வேண்டுமானால் பாசி எடுக்கப் போகும் தாய்மாரை நினைத்துப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிக்க, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்குகிற பெண்கள் இவர்கள். நீரோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப இருட்டோடு கிளம்புகிறவர் எப்போது அடுப்பு மூட்டுவார்? முன்பெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளை பழைய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் மதியச் சத்துணவு வரை காத்துக் கிடந்தது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு எப்படி ஏறும்? இப்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் பாடவேளையில் கை தூக்குகிறார்கள்.

வகுப்புக்குள் அவர்கள் மூன்று குழுவாக உட்கார்கிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். கொரோனாக் காலத்தில் பள்ளி பூட்டிக் கிடந்ததால் எழுத்தும் எண்ணும் விட்டுப்போன பிள்ளைகளை மீட்க 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. மறு ஆண்டு அது 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டே எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த இடத்திலிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். அந்த நோக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பத்து வயதில் ரோஷம் வந்துவிடுகிறது. தம்பி இரண்டாம் வகுப்பில் மொட்டு, தான் ஐந்தாம் வகுப்பில் அரும்பு என்றால் அது வீட்டில் சொல்ல முடியாத சேதி. அந்த ஆசிரியை குழுக்களை வாராவாரம் கலைத்துப் போடுகிறார். படிப்பதில் அரும்பாக இருக்கிற பையன் கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன்.

அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரும்பலகையில் பின்னம் எழுதியபோது அவன் வாயைத் திறக்கவில்லை. மேலே 1, கீழே 2 என்று கோடு போட்டு எழுதியது அவனுக்குப் படமாகத்தான் தெரிந்தது. ஆசிரியை சாக்பீஸை வைத்துவிட்டு, “படகுல டீசலும் ஐஸும் கழிச்ச பிறகு மிச்சத்தை எப்படிப் பிரிப்பாங்க?” என்று கேட்டார். அவன் எழுந்து நின்று சொன்னான்: படகுக்கு இத்தனை பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, தொழில் பழக வந்த பையனுக்கு அரைப்பங்கு. நாலரைப் பங்கு ஒன்பது அரைப்பங்குக்குச் சமம் என்பதை விரல் விடாமலேயே சொன்னான். அதைப் பலகையில் எழுதிக் காட்டியதும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தத் தீவில் ஐந்தாம் வகுப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு வகுப்பை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1940களின் தொடக்கம், ராமேசுவரம். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்குகிறார். இறக்கை, வால், உடல், தலை. இறக்கை அடிப்பால் மேலெழும்புவது, வாலைத் திருப்பித் திசை மாறுவது என்று ஏறக்குறைய 25 நிமிடம் சொல்லி முடித்துப் புரிந்ததா என்று கேட்கிறார். பத்து வயதுப் பையன் ஒருவன் புரியவில்லை என்கிறான். மற்றவர்களைக் கேட்டால் பலருக்கும் புரியவில்லை. அவர் கோபப்படவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுகிறார். அந்தப் பையன் பின்னாளில் அப்துல் கலாம். தன் வாழ்க்கைக்கு அன்றுதான் திசை கிடைத்தது என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் அடக்கமாகியிருக்கும் பேக்கரும்பு, அக்காள்மடத்திலிருந்து தங்கச்சிமடம் தாண்டினால் வந்துவிடும். 2017 ஜூலை 27 அன்று அங்கே நினைவிடம் திறக்கப்பட்டது. ஒவ்வோர் அக்டோபர் 15 அன்றும் பள்ளிகளில் அவர் படத்துக்கு மாலை போட்டு ஏவுகணையைப் பற்றிப் பேசுகிறோம். அந்த மாலை நேரக் கடற்கரையைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு அந்தக் கதையில் பறவையை விடப் பெரிதாகத் தெரிவது, அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து ‘புரியவில்லை’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்குப் பயமில்லாமல் இருந்ததுதான்.

நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது அந்தச் சொல்லுக்கு அடி விழும். புரியாததை மறைக்கத்தான் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டோம். கண்ணைப் புத்தகத்திலேயே வைத்திருப்பது, பக்கத்துப் பையன் வாயசைப்பதைப் பார்த்துக் கூடவே வாயசைப்பது. அந்தப் பழக்கம் போகவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. அதனால்தான் அந்த ஆசிரியையின் வகுப்பில், “டீச்சர், புரியல” என்று ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரும் வேறெதுவும் சொல்லவில்லை. “சரி, வேற மாதிரி பாப்போம்” என்றார்.

வேறு மாதிரி பார்க்க இந்தக் கரையில் பஞ்சமில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அன்றைய புவியியல் அதுதான். ஒன்று முதல் பதினொன்று வரை எந்தக் கூண்டுக்கு என்ன பொருள் என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிவருகிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைச் சொல்ல இன்னும் சில வீடுகளில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் மேலெழும்பும். நீட்டலளவைப் பாடத்தில் அந்தப் பதினேழு மீட்டரைப் பள்ளி மைதானத்தில் கயிறு போட்டு அளந்திருக்கிறார்கள். மல்லிகைப் பதியன் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாத்தி வரிசையிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

எதையும் வேறு மாதிரி பார்க்க முடியாத வாரங்களும் உண்டு. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி முதல் நாள் இரவே ஊருக்கு வந்துவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்; வராமல் இருக்காது. வீட்டில் அழுகைக்கு நடுவில் இருப்பதை விட வகுப்பு மேல். அதைக் கண்டித்து நடக்கும் வேலைநிறுத்தத்தில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லும் கட்டுரைப் பயிற்சியைத் தள்ளிவைத்து, ஊஞ்சல் சிறுவர் இதழை எடுத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதை வாசிப்பார்களாம். யார் வாசிக்கிறார்கள், யார் சும்மா பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆசிரியை கவனிப்பதில்லை.

ஏப்ரல் 15 வந்தால் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வாரம் முழுக்க அப்பா வீட்டில் இருக்கும் காலம் அதுதான். அந்த நாட்களில்தான் ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடிவிடுகிறது. ஜூன் 15 அன்று விசைப்படகுகள் மறுபடி கடலில் இறங்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். காலை உணவுத் திட்டத்துக்கு வகுத்த எல்லை ஐந்தாம் வகுப்பு. அம்மா பாசிக்குப் போகும் நேரம் மாறவில்லை, அப்பா திரும்பும் கிழமை மாறவில்லை, பதினொரு வயதின் பசியும் குறையவில்லை. எட்டாம் வகுப்பு வரையாவது காலை உணவு நீள வேண்டும் என்று இந்தக் கரையைப் பார்த்த எவரும் கேட்பார்கள், நானும் கேட்கிறேன்.

போன ஜூனில் ஒரு காலை, தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்தேன். அவளைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்தி, பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்றான். சமையல் அக்கா அவனைக் கண்டதும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். “வேணாம்க்கா, நான் ஆறாவது” என்றான்.