விழிஞ்ஞம் கலங்கரை விளக்கமும் கப்பலின் இருப்பிடக் கணக்கும்

திருவனந்தபுரத்தின் தம்பானூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கோவளம் கடற்கரையை அடுத்த பாறைக்குன்றின் மேல் நிற்கும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தில் 1972 இல் ஒளியேற்றப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டப்பட்ட அதன் கோபுரம் 36 மீட்டர் உயரமுடையது. விழிஞ்ஞம் பழைய துறைமுகமே எனினும், 1925 இல் அங்கு நிறுவப்பட்டது பகற்குறி மட்டுமே; விளக்கின்றி, பகலில் கடலிலிருந்து பார்த்து இடத்தை அறிய உதவும் கம்பம் அல்லது கோபுரம் பகற்குறி எனப்படும்.

கரையோரமாகச் செல்லும் மாலுமி, வரைபடத்தில் குறிக்கப்பட்ட இரண்டு அடையாளங்களின் திசைகளைத் திசைகாட்டியால் அளந்து, அத்திசைகளில் கோடுகள் வரைந்தால், அவை வெட்டும் புள்ளியே கப்பலின் இருப்பிடமாகும். இக்கணக்கை இரவிலும் செய்ய உதவும் விளக்கு உயரத்தில் அமைய வேண்டியதற்குப் பூமியின் வளைவே காரணம்: கடல் மட்டத்துக்கு மேல் 50 மீட்டர் உயரத்தில் எரியும் ஒளி, 10 மீட்டர் உயரத் தளத்தில் நிற்பவருக்கு, வானம் தெளிந்திருந்தால், ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வரை தெரியும். அவ்வளவு தொலைவுக்கு ஒளி சிதறாமல் செல்ல, பட்டக வளையங்களை அடுக்கி ஒளியைக் கற்றையாகக் குவிக்கும் வில்லையை ஃபிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் வடிவமைத்தார். அது 1823 இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் பொருத்தப்பட்டது. வில்லை சுழலும்போது கற்றை விட்டுவிட்டுத் தெரிவதால், ஒவ்வொரு விளக்குக்கும் தனித்த ஒளிர்வு முறை வகுக்கப்பட்டு, எந்த விளக்கு எந்த ஊருடையது என்பதை மாலுமி நேரக்கணக்கால் அறிகிறார்.

இன்று செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் அறியப்படுகிறது. கப்பலின் பெயர், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலையில் தானாக அறிவிக்கும் அடையாளக் கருவியும் கப்பல்களில் இயங்குகிறது. இம்மாற்றத்துக்கேற்ப, 1927 ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக, கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பையும் உள்ளடக்கிய புதிய சட்டம் 2021 இல் இந்தியாவில் இயற்றப்பட்டது.

எனினும் இருப்பிடம் அறிவது பாதுகாப்பின் ஒரு பகுதியே. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்எஸ்சி எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் 2025 மே 25 அன்று கவிழ்ந்து மூழ்கியபோது, 24 பணியாளர்களும் மீட்கப்பட்டனர் என்றாலும், சரக்குப் பெட்டிகள் கேரளக் கரையில் ஒதுங்கின. சரக்கின் எடை, சமநிலை, மீட்பு ஏற்பாடு ஆகியவை தனித்தனியே கவனிக்கப்பட வேண்டியவை. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குறுக்கீட்டால் தடுக்கவோ திரிக்கவோ முடியும் என்பதால், கருவி காட்டும் இடத்தை அதனைச் சாராத வேறொரு வழியில் சரிபார்க்க, நேரில் கண்டு திசை அளக்கத்தக்க விளக்குகள் இன்றும் பேணப்படுகின்றன.